நாய்க்குட்டியின் காலும் நமது புத்தியும்

(ஒரு கிராம வாசகசாலையில் பேசியதின் சாரம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசுவோம் என்று நினைத்து நீங்கள் வந்திருக்கலாம். ஆனால் நாம் பேச வந்திருப்பது ஒரு நாய்க்குட்டியைப் பற்றியேயாகும். இவ்வளவு தூரம் வந்து நாய்க்குட்டிக் கதையா சொல்ல வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். பொறுமையாய்க் கேட்டு முடித்தபிறகு, கதை யாரைப் பற்றியது என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

சிறிது காலத்துக்கு முன் நமது வீட்டுக்கு ஒரு குட்டி வந்தது. இராஜபாளையம் ஜாதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் வீட்டிலே ஜாதி நாயா என்று நண்பர் ஒருவர் கேலிகூடச் செய்தார். குட்டி நன்றாய்த் தின்றது, வேகமாய் வளர்ந்தது. நான்காவது மாதத்தில் ஒருநாள் காலையில் கூப்பிட்டபோது அது எழுந்து வரவில்லை. முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பக்கம் தரையோடு தரையாய் இழுபட்டது. இடுப்பைத் தொட்டால் அலறிற்று. முதல் நாள் மாலை வரையில் வாசலில் ஓடி விளையாடிய குட்டி!

உடனே வைத்தியர்கள் வந்து கூடிவிட்டார்கள். எந்த வைத்தியர்கள்? தெருவிலுள்ள அத்தனை பேரும்தான்! ஒருவர் திருஷ்டி என்றார். யாருடைய திருஷ்டி என்று கேட்பதற்குள் அதற்கும் பதில் வந்துவிட்டது. அடுத்த தெருவிலுள்ள விதவை ஒருவர் முதல் நாள் மோர் வாங்க வந்தவர், "குட்டி எவ்வளவு அழகாய் வளர்ந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவ்வளவுதான் குற்றம். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கருப்புக் கயிறு கட்டினார்கள். மந்திரக்காரர் ஒருவர் வந்து, வாயைப் பிளந்து தீர்த்தம் விட்டுவிட்டு, ஒரு சேவலும் கொஞ்சம் ரொக்கமும் கேட்டார். சேவலுக்குக் கால் நன்றாய் இருந்ததால் அது ஓடித் தப்பித்துக் கொண்டது!

நீங்கள் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இனிமேல்தான் நமது யோக்கியதை வெளிவரப் போகிறது.

நாம் அன்று மாலை வெளியூரிலிருந்து திரும்பியதும் இந்தச் சங்கதியைக் கேட்டோம். கயிற்றை அறுத்து எறிந்தோம். "மூட ஜனங்களே, கண் பார்வையில் கால் போகுமா?" என்று கூச்சலிட்டோம். பிறகு என்ன செய்தோம் தெரியுமா? "மாடு மேய்க்கிற பையன்தான் கல்லால் அடித்திருப்பான்" என்று நாமே ஒரு தீர்ப்புச் சொன்னோம். பையனை அழைத்துவரச் செய்து, அவனுடைய தகப்பனார் எதிரிலேயே கடுமையாய்ப் பேசினோம். பையன் அழுதான். "நான் அடிக்கவில்லை ஐயா" என்றான். அழுவதே குற்றத்துக்கு அத்தாட்சி என்று நமக்குத் தோன்றிற்று.

தோழர்களே! அந்த அம்மையாரின் கண்தான் காரணம் என்று சொன்னவர்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றுமில்லை. பையனின் கல்தான் காரணம் என்று சொன்ன நமக்கு என்ன ஆதாரம் இருந்தது? அதுவும் ஒன்றுமில்லை. அவர்கள் திக்கற்ற ஒரு விதவையைப் பிடித்தார்கள். நாம் திக்கற்ற ஓர் ஏழைப் பையனைப் பிடித்தோம். திருப்பி அடிக்க முடியாதவர்களாய்ப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் ஆஸ்திகனும் நாஸ்திகனும் ஒன்றாய்ப் போய்விட்டோம்.

மறுநாள் காலையில் குட்டியை ஒரு பலகையில் அசையாமல் கிடத்தி, ஜில்லாத் தலைநகரிலுள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் அம்மையார் காரணம் எதையும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். முதல் கேள்வி, "வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா? வேறு நாய் ஏதாவது கடித்ததா?" என்பது. போட்டாயிற்று, கடிக்கவில்லை என்றோம். காய்ச்சல் பார்த்தார். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகுகிறதா, தசை துடிக்கிறதா என்று பார்த்தார். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடினார். பின்னங்கால் விரலை இறுக்கிக் கிள்ளினார். குட்டி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கத்திற்று. "நரம்பு வேலை செய்கிறது" என்றார். தொடை எலும்பை மெதுவாய் அழுத்தினார். உயிர் போகிறாற்போல் அலறிற்று. "சங்கடம் எலும்பில் இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகுதான், "என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நாம் பெருமையாய்ச் சொன்னோம்: "இரண்டு வேளையும் சோறும் கறியும். எலும்பு தொண்டையில் குத்திவிடுமென்று பொறுக்கி எறிந்துவிட்டுத் தனிச் சதையாகவே போடுகிறோம். பால் கொடுத்தால் பேதியாகிறதென்று நிறுத்திவிட்டோம்." அம்மையார் சிரித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் பளிச்சென்று வெள்ளையாய்த் தெரியவேண்டிய எலும்பு, பக்கத்துச் சதையைப் போலவே மங்கிக் கிடந்தது. ஒரு தொடை எலும்பு பச்சைக் குச்சியை மடக்கினாற்போல் மடங்கி விரிந்திருந்தது. வெளியிலிருந்து அடித்த அடையாளம் எதுவுமில்லை. இப்படிப்பட்ட எலும்பு, குட்டி துள்ளி விளையாடினாலே முறியும் என்றார்.

காரணம் இதுதான். வளரும் குட்டிக்கு ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் கொஞ்சம் அதிகமாய் இருக்கவேண்டும். தனிச் சதையிலோ சுண்ணாம்புச் சத்து 1 பங்கு என்றால் பாஸ்பரஸ் 15, 20 பங்கு இருக்கிறது. சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் கொஞ்சம். ஆனால் இருதயம் அடிப்பதற்கும் தசை அசைவதற்கும் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருந்தே தீரவேண்டும். ஆகவே கழுத்தில் தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு என்னும் 4 சிறு சுரப்பிகள், வரவு இல்லாதபோது எலும்பில் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துச் செலவு செய்கின்றன. வருமானமில்லாத குடும்பம் வீட்டு ஓட்டைப் பிரித்து விற்றுச் சாப்பிடுவதுபோல என்று வைத்துக் கொள்ளுங்கள். வெளியே குட்டி கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே கூரை போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று இடியும். நமக்குத்தான் அது திடீர். எலும்புக்கு அது இரண்டு மாத வேலை.

ஆக, குட்டியின் காலை ஒடித்தவர் யார்? அந்த அம்மையாரின் கண்ணுமல்ல, பையனின் கல்லுமல்ல. அன்போடு கறியைப் பிசைந்து போட்ட நமது கைதான். தன் கையைத் தவிர உலகத்திலுள்ள எல்லாவற்றையும் சந்தேகிப்பது மனிதனுக்கு எவ்வளவு சுலபமாய் இருக்கிறது பாருங்கள்!

காலிழந்த நாய்க்குட்டி, உலகத்துக்கு ஒரு பெரிய உண்மையையே சொல்லிக் கொடுத்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் துவக்கத்தில் பிரிட்டனிலுள்ள தொழில் நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கால் எலும்பு வில்லைப்போல் வளைந்துபோயிற்று. ரிக்கெட்ஸ் என்பது அந்த நோய். கிளாஸ்கோ நகரத்து ஃபின்ட்லே என்னும் டாக்டர் 1908-ல் நாய்க்குட்டிகளை அடைத்து வைத்துப் பார்த்து, ஓடியாட இடமில்லாததே காரணம் என்றார். எட்வர்டு மெல்லன்பி என்பவரோ குட்டிகளுக்கு விதவிதமான ஆகாரம் கொடுத்துப் பார்த்து, ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி போன்றவற்றிலேயே வளர்த்தால் இந்த நோய் வருகிறதென்றும், காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்தால் வருவதில்லையென்றும் 1919-ல் வெளியிட்டார். எண்ணெயிலுள்ள 'ஏ' என்னும் ஜீவசத்துதான் இதைத் தடுக்கிறது போலும் என்று அவர் எண்ணினார். அமெரிக்காவில் மெக்காலம் என்பவர் 1922-ல் அந்த 'ஏ' சத்தை அழித்துவிட்டுப் பார்த்தும் எண்ணெய் எலும்பைக் காப்பாற்றிற்று. அப்படியானால் அது வேறொரு சத்து. அதுதான் 'டி' ஜீவசத்து. இதற்கிடையில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பவர் 1919-ல், புற ஊதாக் கதிர் விளக்கு வெளிச்சத்திலேயே குழந்தைகளுக்குக் குணமாவதைக் காட்டினார். ஆகாரக் கட்சிக்காரர் சொன்னதும் உண்மை. வெயில் படாத இருட்டு வீடு கெடுதல் என்பதும் உண்மை. மனிதத் தோல் வெயிலில் 'டி' சத்தை உண்டாக்கிக் கொள்ளும். நாயின் தோலுக்கு அந்தச் சக்தி போதாது, அதற்குச் சாப்பாட்டில்தான் கிடைக்கவேண்டும்.

நமது குட்டியின் நோயும் ரிக்கெட்ஸும் ஒன்றல்ல, நெருங்கிய பங்காளிகள். நாம் கவனிக்கவேண்டியது அவர்கள் நடந்துகொண்ட முறையை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சோதித்தார், தவறியதைத் திருத்தினார். பெரியவர் சொன்னார் என்று யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் கோடிக்கணக்கான குழந்தைகள் நேரான காலோடு நடக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, கால் விழுந்த குட்டிக்கெல்லாம் சுண்ணாம்புக் குறைதான் என்று நீங்களும் ஒரு புதுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். உண்ணியாலும் வரும், டிஸ்டெம்பர் என்னும் தொற்று நோயாலும் வரும், மெய்யாகவே அடிபட்டும் வரும். வெற்றிலைச் சுண்ணாம்பைச் சோற்றில் கலக்கவேண்டாம். பெரிதாய் வளரும் ஜாதிக் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மிஞ்சினாலும் எலும்பு கோணும். ஆகவே அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறிநோயிலும் கால் விழும், எச்சில் வடியும். எலும்பு சிக்கிக் கொண்டதென்று வாய்க்குள் கைவிடாதீர்கள். நாய் கடித்தால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ளுங்கள். 1885-ல் பாஸ்தர் அந்த ஊசியைக் கண்டுபிடித்துக் கொடுத்தபிறகும் மந்திரிக்கப் போகிறவன், நோய் தலையெடுத்துவிட்டால் அநேகமாய்ப் பிழைப்பதில்லை.

குட்டியைச் சில வாரங்கள் சிறிய அடைப்பில் வைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த ஆகாரத்தைக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் எழுந்து நின்றது. இரண்டு மாதத்தில் ஓடிற்று. ஒரு பின்னங்கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அந்த அம்மையாரிடமும் பையனிடமும் போனோம். தெருவார் எதிரில் குற்றம் சாட்டியதால் தெருவார் எதிரிலேயே, "தவறு நம்முடையது" என்று சொன்னோம். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை, "குட்டி பிழைக்குமா?" என்று மாத்திரம் கேட்டான். இப்பொழுது அதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறவன் அவன்தான்.

தோழர்களே! சாமி இல்லை, பேய் இல்லை என்று சொல்லிவிட்டதாலேயே ஒருவன் பகுத்தறிவுக்காரன் ஆகிவிடமாட்டான். ஒருவர்மேல் விரலை நீட்டுமுன், "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ளவேண்டும். நாம் அதைக் கேட்கத் தவறினோம். நீங்கள் தவறவேண்டாம்.