பாடகர் குழுவில் ஓர் இடம்

 

'இளையோரும் இசையும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இசையின் பெருமையை எடுத்துச் சொல்ல இந்த அவையில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

1934 நவம்பர் 21, புதன்கிழமை இரவு. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதி. அங்கே 125ஆவது தெருவில் அப்பல்லோ அரங்கம். புதன்தோறும் புதுமுகங்களுக்குப் போட்டி நடக்கும். பிடித்துவிட்டால் கூட்டம் கொண்டாடும். பிடிக்காவிட்டால் கூச்சல் போட்டே மேடையைவிட்டு இறக்கிவிடும். அந்த மேடையில் 17 வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். யாரோ உடுத்திக் கழித்த துணி. ஆண்கள் போடும் பூட்ஸ். இரவு திரும்பிப் போக ஒரு வீடு கிடையாது. அவள் பெயர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு.

அவள் பாட வரவில்லை, ஆட வந்தாள். ஆனால் அன்று எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடி அரங்கத்தை அதிரவைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபின் இவளுக்குக் கால் எழவில்லை. கூட்டம் சலசலத்தது. ஏதாவது செய்தாக வேண்டும். பாடினாள். அம்மா வாங்கி வந்த இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு மனத்தில் ஊறிப்போயிருந்த கோனி பாஸ்வெல்லின் பாணியில் பாடினாள். சிறுவயதிலேயே கால்கள் செயலிழந்து, உட்கார்ந்தபடியே பாடிப் புகழ்பெற்றவர் அந்தக் கோனி. ஒரு பாட்டு முடிந்தது. கூட்டம் விடவில்லை, இன்னொரு பாட்டுப் பாடினாள். முதல் பரிசு, 25 டாலர்!

இவ்வளவு நல்ல குரல் அதுவரை எங்கே இருந்தது? 1932-இல் தாய் இறந்தார். தாயின் சகோதரி வீட்டில் தங்கினாள். பள்ளிக்குப் போவது நின்றது. பிடித்துக் கொண்டுபோய், ஹட்சன் நகரில் இருந்த, பெண்களுக்கான அரசுச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே தனிக் கட்டடம். அடி உதையும் உண்டு. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு மறைந்த 1996ஆம் ஆண்டில்தான் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அந்த விவரங்களை வெளியிட்டது. அதில் ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பள்ளியில் அருமையான பாடகர் குழு ஒன்று இருந்திருக்கிறது. அத்தனை பேரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அதில் இடமில்லை!

நண்பர்களே, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த குரல்களில் ஒன்று கூடத்துக்கு வெளியே நின்றது. உள்ளே பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் அதே பள்ளி அவரைக் கௌரவிக்க அழைத்தபோது அவர் போகவில்லை. போகாததில் என்ன தவறு?

அப்பல்லோவில் ஜெயித்ததும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. பரிசோடு சேர்ந்த ஒரு வார மேடை வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அவள் தோற்றம்தான் காரணம் என்கிறார்கள். கடைசியில் அவளைத் தன் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டவர் சிக் வெப். முதுகெலும்பில் காசநோய் தாக்கிக் கூன் விழுந்தவர். நான்கடி உயரம்தான் இருப்பார். ஆனால் டிரம்ஸில் அவரை வெல்ல ஆளில்லை. அவரும் முதலில் தயங்கினார். யேல் பல்கலைக்கழக நடன விழா ஒன்றில் பாடவைத்துப் பார்த்தார். மாணவர்கள் மகிழ்ந்தார்கள், வெப் அவளைத் தன் குழுவில் வைத்துக்கொண்டார்.

அங்கேதான் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு கற்றார். சவாய் நடன அரங்கில் இரவுதோறும் டிரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவில் நின்று, அந்தக் கருவிகள் வாசிப்பதைத் தொண்டையில் வாங்கினார். சொல்லே இல்லாமல் அசைகளை அடுக்கிப் பாடும் ஸ்கேட் என்ற முறையில், நம் கலைஞர்கள் ஜதி சொல்வதுபோல், தாளத்தோடு விளையாடினார். 1938-இல் குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டு ஒன்றை எடுத்து அவர் பாடிய 'அ-டிஸ்கெட், அ-டாஸ்கெட்' நாடெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டு சிக் வெப் இறந்தார். குழுவின் தலைமை யாரிடம் வந்தது தெரியுமா? 22 வயதான அந்தப் பெண்ணிடம்! 1959-இல் முதல் கிராமி இசை விருது விழாவில் விருது பெற்ற கறுப்பினப் பெண்மணியும் அவர்தான்.

இதைக் கேட்டுவிட்டு, "திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்" என்று யாரும் சொல்லாதீர்கள். ஹட்சன் பள்ளியிலும் அவளுக்கு அதே குரல்தான். அங்கே இடம் தரவில்லை, சிக் வெப் தந்தார். வேறுபாடு அவ்வளவுதான். அடைபட்ட கதவுக்குப் பின்னால் பாடாமலே போன குரல்களுக்குக் கணக்கே இல்லை.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை இருப்பாள். விடுதியிலிருந்து வருவாள். யாரோடும் பேசமாட்டாள். சீருடை கசங்கியிருக்கும். ஆண்டு விழா மேடையில் அவள் நன்றாகத் தெரியமாட்டாள் என்று விட்டுவிடுவீர்கள். இந்த முறை விடாதீர்கள். பாடகர் குழுவுக்குப் பெயர் எழுதும்போது அவளையும் கூப்பிட்டு, ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள். சுருதி சேராவிட்டால் சேரும்வரை சொல்லிக்கொடுங்கள். குழுவின் பட்டியலில் அவள் பெயரையும் எழுதுங்கள்.