தவளைக்கு வழி எங்கே?



மழை வேண்டித் தவளைக்குக் கலியாணம் செய்துவைக்கும் கூத்து நம் நாட்டில் பல இடங்களில் இன்னும் நடக்கிறது. தவளை கத்துவதால் மழை வருவதில்லை. மழையும் ஈரமும் வருவதால்தான் தவளை கத்துகிறது. அதற்குத் தாலி தேடுகிறவர்கள், அது பிழைக்கிறதா சாகிறதா என்று மட்டும் கேட்பதே கிடையாது. ஆகவே அதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல வந்தேன்.

ஆனைமலையில் வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் அங்கு பெரும்பாலும் மழைக்காடே இருந்தது. 1890-களில் தொடங்கித் தேயிலைக்கும் காப்பிக்குமாக அது வெட்டப்பட்டது. இன்று தேயிலைக்கு நடுவே துண்டுக்காடுகள் தீவுகள்போல் கிடக்கின்றன.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே. தோல் காய்ந்தால் உயிர் போயிற்று. நிழலற்ற, மருந்து தெளித்த தேயிலை யானைக்கு நாலு எட்டு; தவளைக்கோ நாலு காதம்!

இருக்கிற துண்டிலேயே அது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கலாம். பல தவளைகள் முட்டையிட ஓடைக்கும் குட்டைக்கும் போய்த் திரும்பவேண்டும். இலையில் முட்டையிட்டு, தலைப்பிரட்டையாகாமல் நேரே குஞ்சாகவே வெளிவரும் புதர்த் தவளைக்குக் குட்டை வேண்டாம்தான். ஆனால் ஒரு துண்டில் வறட்சியாலோ நோயாலோ இனம் செத்தால், அடுத்த துண்டிலிருந்து வந்துதானே நிரப்பவேண்டும்? வழியில்லையானால், மிஞ்சிய சிலவும் தமக்குள்ளேயே கூடி, தலைமுறைக்குத் தலைமுறை பலங்குன்றிப் போகும். மழை இரவில் துணிந்து புறப்படுவதோ தார்ரோட்டில் சக்கரத்தடியில் நசுங்குகிறது.

2023-ல் வெளியான கணக்கின்படி, ஆராயப்பட்ட 8,011 வகைத் தவளையினத்து உயிர்களில் நூற்றுக்குச் சுமார் 41 அழியும் அபாயத்திலிருக்கின்றன.

இதற்குப் பரிகாரம் பூசையில் இல்லை. ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விட்டால் அதுவே ஈரமான பாதை. தோட்டத்துக்குள் நம் காட்டு மரங்களையே நிழலுக்கு வைத்தால் துண்டும் துண்டும் சேரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஆம்ஹர்ஸ்ட் ஊரார் 1987-ல் தவளைக்கு உறவான சாலமாண்டர்களுக்காக ரோட்டுக்கடியில் சுரங்கவழி போட்டு, அதில் கொண்டுசேர்க்க இருபுறமும் சிறு வேலியும் வைத்தார்கள். அவர்கள் மந்திரம் சொல்லவில்லை. அந்தப் பிராணி எப்போது, எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தார்கள், அவ்வளவே.

தோழர்களே! கொசுவையும் பயிர்ப் பூச்சியையும் தின்கிற இந்தப் பிராணி உங்களைத் தாலி கேட்கவில்லை. மழை இரவில் மலைரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், ஓடைக்கரையைச் சுரண்டாதீர்கள், அதற்கு வழிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.