பழைய கறி, புது அரிசி: வீட்டில் எல்லோரும் சாப்பிட ஒரு சட்டிச் சோறு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'மிச்சமாகும் உணவு' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேசப் போவது கறிச் சாப்பாட்டைப் பற்றி. நம் குடியிருப்பில் சைவம் மட்டுமே சாப்பிடும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இதே பக்குவத்தில் சைவமாகச் செய்யும் முறையையும் கடைசியில் சொல்கிறேன். மேலும், திங்கட்கிழமை காலையில் ஈரக் கழிவுத் தொட்டி என்ன நிலையில் இருக்கிறது என்பது சைவம், அசைவம் பார்க்காமல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே!

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கறி எடுக்கிறோம். மதியம் குழம்பும் வறுவலுமாகச் சாப்பிடுகிறோம். இரவில் கால் கிலோ அளவுக்கு மிஞ்சி நிற்கிறது. திங்கட்கிழமை சிவனுக்கு உகந்த நாள் என்று பல வீடுகளில் கறி கிடையாது. அடுத்து கிருத்திகை வரும், பௌர்ணமி வரும். கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிவிட்டால் பத்து நாளும் கவிச்சியே கூடாது என்று இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! ஆகவே மிஞ்சிய கறி ஃப்ரிட்ஜில் ஒரு மூலைக்குப் போகிறது. மூன்று, நான்கு நாள் கழித்து அங்கிருந்து தொட்டிக்குப் போகிறது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 விழுக்காடு ஹோட்டலிலோ கடையிலோ வீணானதல்ல, வீடுகளில் வீணானது. நம் நாட்டு வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ என்கிறது அந்தக் கணக்கு. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 கிலோ. அதில் தோலும் எலும்பும் சேர்ந்திருக்கும்தான். இருந்தாலும் கறி விற்கும் விலையில், தொட்டிக்குப் போகும் ஒரு கிண்ணம் வறுவலும் நமக்கு நஷ்டம்தான்.

ஏன் மிஞ்சுகிறது என்றும் பார்க்க வேண்டும். நம் வீட்டுக் குழம்பு காரம். நான்கு வயதுப் பிள்ளை ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்கும். வயிற்றுப் புண் இருக்கும் தாத்தா, "எனக்கு மோர் சோறு போதும்மா" என்று சொல்லிவிடுவார். ஊரே கறி சாப்பிடும் நாளில் அந்த இரண்டு பேருக்கு மட்டும் தயிரும் ஊறுகாயும். மிஞ்சிய கறியில் பாதி, அவர்கள் சாப்பிடாமல் விட்ட பங்குதான்.

இதற்கு நம் பாட்டிமார்கள் கண்ட வழி சட்டிச் சோறு. கறி வறுத்த மண்சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மசாலாவோடு சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி, உருட்டி, சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு உருண்டை வைப்பார்கள். மிஞ்சிய பரோட்டாவையும் சால்னாவையும் கொத்தி எடுப்பதும் அதே புத்திதான். வீணாகக் கூடாது, ருசியும் குறையக் கூடாது.

இதே புத்தி அமெரிக்காவில் லூசியானா மாநிலத்திலும் உண்டு. அங்கே கேஜன் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் அக்காடியா என்ற பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களின் வழி வந்தவர்கள். 1755 முதல் பிரிட்டிஷ்காரர்கள் அவர்களை அங்கிருந்து துரத்தினார்கள். எங்கெங்கோ சிதறி, கடைசியில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். அக்காடியன் என்ற பெயர்தான் மருவிக் கேஜன் ஆனது. அந்த மண்ணில் நெல் விளைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் அரிசிச் சமையலும், பிரெஞ்சு, ஸ்பானியச் சமையலும் அங்கே கலந்தன. இப்படி வந்த சாப்பாடுதான் ஜம்பலாயா. கையில் இருக்கும் கறி எதுவானாலும், வெங்காயம், குடைமிளகாய், செலரி என்ற தண்டுக் கீரை ஆகிய மூன்றையும் வதக்கி, அதே சட்டியில் அரிசியைப் போட்டு வேகவைப்பது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்காரர்கள் தக்காளி சேர்த்துச் சிவப்பாகச் செய்வார்கள். கிராமத்துக் கேஜன்கள் தக்காளி இல்லாமல், கறியையும் வெங்காயத்தையும் நன்றாகச் சிவக்க வறுத்து அந்த நிறத்திலேயே செய்வார்கள்.

நம் சட்டிச் சோற்றுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். நாம் வெந்த சோற்றைக் கறியில் பிரட்டுகிறோம். அவர்கள் பச்சை அரிசியைக் கறியோடு சேர்த்து வேகவைக்கிறார்கள். கறியின் சாறு அரிசிக்குள்ளே இறங்குகிறது, காரம் எல்லாச் சோற்றிலும் பரவி மட்டுப்படுகிறது. கால் கிலோ கறி ஐந்து பேருக்குக் காணும். பழைய கறி, புது அரிசி. இந்த நான்கு சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது பக்குவம். நான்கைந்து பேருக்கு அளவு சொல்கிறேன்.

சீரகச் சம்பா அரிசி இரண்டு டம்ளர். ஆம்பூர் பிரியாணிக்குப் போடும் அதே அரிசி. அது இல்லையென்றால் நம் மாவட்டத்து ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் பச்சரிசி போதும். கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள். எலும்பு நீக்கிய, வெந்த கறி கால் கிலோ. பெரிய வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் ஒன்று, பூண்டு ஆறு பல், தக்காளி இரண்டு. செலரி தேடி அலைய வேண்டாம். கொத்தமல்லிக் கட்டில் நாம் கிள்ளிப் போட்டுவிடும் தண்டு இருக்கிறதே, அதை ஒரு கைப்பிடி பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் தைம் என்று ஒரு இலை போடுவார்கள். நம் ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருள்தான் அந்த இலையிலும் இருக்கிறது. அதனால் கால் டீஸ்பூன் ஓமம் போதும். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன், பிரிஞ்சி இலை ஒன்று.

காரத்தைக் குறைப்பது எப்படி? குழம்பின் காரம் பெரும்பாலும் மசாலாவில்தான் இருக்கிறது, கறிக்குள்ளே குறைவு. துண்டுகளை எடுத்து, மேலே அப்பியிருக்கும் மசாலாவைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். வழித்ததில் இரண்டு ஸ்பூனை மட்டும் அரிசி வேகும் தண்ணீரில் கரைத்தால் வாசனைக்குப் போதும். ரொம்பக் காரமான சுக்கா என்றால் துண்டுகளை ஒரு முறை வெந்நீரில் அலசி எடுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய் ஊற்றி, ஓமமும் பிரிஞ்சி இலையும் போட்டு, வெங்காயத்தைச் சேருங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வெங்காயம் பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பாக வர வேண்டும். மிளகாய் கொடுக்காத ருசியை இந்த வெங்காயம் கொடுக்கும். பிறகு குடைமிளகாய், கொத்தமல்லித் தண்டு, நசுக்கிய பூண்டு, கடைசியில் தக்காளியும் தூள்களும். தக்காளி கரைந்ததும் தண்ணீர். சீரகச் சம்பாவுக்கு ஒரு டம்ளருக்கு ஒன்றேமுக்கால், பச்சரிசிக்கு இரண்டு. வீட்டில் பல் இல்லாத பெரியவர் இருந்தால் மொத்தத்தில் அரை டம்ளர் கூடுதலாக விடுங்கள், குழைவாக வரும். கறியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் வழக்கமான உப்பில் பாதி போட்டுத் தண்ணீரை ருசி பாருங்கள்.

ஆட்டுக்கறி என்றால் தண்ணீரோடு சேர்த்துப் போட்டு, நன்றாகக் கொதித்த பிறகு அரிசியைச் சேருங்கள். கோழி அப்படி வெந்தால் நார் நாராகப் போய்விடும். அதனால் அதைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து, அரிசி முக்கால் பதம் வந்து தண்ணீர் வற்றும்போது சேர்த்து, மூடி போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள். எதுவானாலும் இறக்கும் முன் ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள், நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். இறக்கிப் பத்து நிமிடம் கழித்துக் கிளறுங்கள். தாத்தாவுக்கும் பேத்திக்கும் அப்படியே பரிமாறலாம். காரம் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்தில் மிஞ்சிய குழம்பைக் கொதிக்கவைத்து வைத்துவிடுங்கள். ஒரே சமையல், இரண்டு ருசி. ஞாயிறு இரவு இன்னொரு முறை அடுப்படியில் நிற்கும் வேலை யாருக்கும் இல்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மிஞ்சிய கறியில் ருசியை விடப் பெரிய கேள்வி, அது கெடாமல் இருக்கிறதா என்பது. கோடையில் நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போது கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் சூடான நாளில் ஒரு மணி நேரம், அதற்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும் என்பது பொதுவான விதி. நாம் என்ன செய்கிறோம்? மதியம் ஒரு மணிக்கு இறக்கிய குழம்பை இரவு பத்து மணிக்குத்தான் உள்ளே வைக்கிறோம்.

அதனால் வழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு மிஞ்சுவதை எடுத்து வைக்காமல், பந்தி பரிமாறும் முன்பே இரவுக்கான கறியைத் தனியாக எடுத்துவிடுங்கள். எச்சில் கரண்டி படாது. அகலமான தட்டிலோ டப்பாவிலோ பரப்பினால் சீக்கிரம் ஆறும். குண்டானோடு வைத்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும். ஃப்ரிட்ஜில் வைத்த வெந்த கறி மூன்று நான்கு நாள் தாங்கும் என்பார்கள். கரண்ட் போய் வரும் நாட்களில் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும்.

அரிசி ஏன் புதிதாக இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அரிசியில் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. வெந்த சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை உற்பத்தி செய்யும். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. "பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். அதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கிறோம். கறி கலந்து வெளியில் கிடக்கும் சோறு அப்படியில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மிஞ்சிய கறியில் செய்த இந்தச் சோற்றை அன்றே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மறுபடி எடுத்து வைக்காதீர்கள். பள்ளிக்கு டிபன் பாக்ஸில் கட்டவும் வேண்டாம். காலை ஏழரைக்குக் கட்டியது, பன்னிரண்டரைக்கு பிள்ளை திறக்கும்போது ஐந்து மணி நேரம் வெதுவெதுப்பிலேயே இருந்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுக்கோளாறு என்றால் சமாளிப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றினால் அது விளையாட்டில்லை. நாற்றம் வந்தாலோ, நூல் விட்டாலோ, எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்று சந்தேகமானாலோ, அதைத் தொட்டியில் போடுவதுதான் சரி. அந்த ஒரு சமயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சைவ வீடுகளுக்குச் சொன்ன வாக்கு. லூசியானாவிலேயே காராமணி போட்டு இதைச் செய்கிறார்கள். ஒரு டம்ளர் காராமணியை ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, கறிக்குப் பதிலாகச் சேருங்கள். வேகவைத்த தண்ணீரையே அரிசிக்கு ஊற்றலாம். காளானும் நன்றாக இருக்கும். கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர் நடந்து களைத்து வரும் இரவுக்கு, காரமில்லாத இந்தக் காராமணிச் சோறு வயிற்றுக்கு இதம்.

பக்ரீத், கிறிஸ்துமஸ், தீபாவளி என்று ஒவ்வொரு வீட்டிலும் கறி மிஞ்சும் நாள் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு கைப்பக்குவமும் உண்டு. இந்தச் சோற்றை ஒரு ஞாயிறு செய்து பாருங்கள். உங்கள் வீட்டுச் சட்டிச் சோறு எப்படி என்பதை அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.