பெயின்ட் அடிக்கிற அலமாரிக்கு எந்த ஜாயின்ட்?

அம்மாவுக்கு ஒரு ப்ளைவுட் அலமாரி செய்யப் போறேன்னு சொல்லியிருந்தேன்ல? வெட்டுறதை விட, பலகைகளை எப்படிச் சேர்க்கிறதுன்னு யோசிக்கத்தான் அதிக நாள் ஆச்சு.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் பெருசுன்னா, 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி ஊருக்குள்ள வந்த நாட்கள். சிந்துபூந்துறையில எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிஞ்சதும் பழைய அலமாரியைப் பார்த்தா, பலகை அவ்வளவா கெடலை. மூலைகள்தான் வாயைப் பிளந்து நின்னுச்சு. சாதாரண வெள்ளைப் பசை ஊறி விட்டுருச்சு, துருப்பிடிச்ச ஆணியால தனியா இழுத்துப் பிடிக்க முடியலை. கீழ்த்தட்டுல இருந்த வீட்டுப் பத்திரம் கூழாகிப் போச்சு.

அதனால இந்தத் தடவை ஐ.எஸ். 710 முத்திரை போட்ட 18 மி.மீ. ப்ளைவுட், தண்ணி தாங்குற பசை. ஜாயின்ட்? யூடியூப்ல பார்த்த டவ்டெய்ல் மேல எனக்கு ஒரே ஆசை. பல்லு பல்லா வெட்டி ஒண்ணோட ஒண்ணு கோர்ப்பாங்களே, அது. வீடியோவை எங்க ஆசாரி அண்ணாச்சிகிட்ட காட்டினேன்.

"தம்பி, இது தேக்குக்குச் சரி. ப்ளைவுட்ல ஒரு அடுக்கு நெடுக்க ஓடும், அடுத்தது குறுக்க ஓடும். பல்லு வெட்டினா ஓரம் பிச்சுக்கிட்டு வரும். மேல பெயின்ட் வேற அடிக்கப் போறீய. யாருக்குக் காட்ட இம்புட்டு மெனக்கெடுதீய?"

நியாயம்தான். பெயின்ட் அடிக்கிற அலமாரியில ஸ்க்ரூவைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்ல. தலையைக் கொஞ்சம் உள்ள இறக்கி, பட்டி பூசி, தேய்ச்சா காணாமப் போயிடும். ஆனா பெயின்டால மறைக்க முடியாதது அசைவு. மூலை லேசா ஆடினாலும் பட்டியில கீறல் விழும். வெறும் ஸ்க்ரூ அங்கதான் மாட்டும். பலகையோட ஓரத்துல இறக்கினா அது அடுக்குகளுக்கு நடுவுல போகுது. முதல்லயே சின்னத் துளை போடலைன்னா பிளந்துரும், போட்டாலும் பிடிமானம் கம்மி.

அண்ணாச்சி சொன்னது காடி. பக்கப் பலகையில 6 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, தட்டை அதுக்குள்ள பசையோட உக்கார வைக்கிறது. பாத்திரத்தோட கனம் பள்ளத்து விளிம்புல இறங்கிடும். பசை காயுற வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிறதுதான் ஸ்க்ரூவோட முக்கிய வேலை. 18-னு வாங்கின பலகை சரியா 18 இருக்காது, அதனால கையில இருக்கிற துண்டை வச்சு அளந்துட்டு வெட்டுங்க. நான் ஆர்வக்கோளாறுல காடிக்குள்ளயும் பிரைமர் அடிச்சுட்டேன். பசை மரத்தைப் பிடிக்கணும், பிரைமரை இல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுரண்டினேன்.

பின்பக்கம் 6 மி.மீ. பலகை. அது இல்லைன்னா சட்டம் கோணிக்கும். அடியில நாலு இஞ்ச் பீடம் மட்டும் பசையே இல்லாம, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும். ஆறு திரும்ப வந்தா முதல்ல ஊறுறது அதுதான், கழட்டி வேற மாட்டிக்கலாம். வெட்டின ஓரங்களுக்கெல்லாம் பிரைமர் ரெண்டு கோட். தண்ணி உள்ள ஏறுற வழி அது.

எல்லாம் முடிஞ்சதும் அம்மா கேட்டது ஒண்ணுதான், "கீழ்த்தட்டுல என்னல வைக்க?" பாத்திரம் வைம்மா, பத்திரம் மேல்தட்டுலன்னேன்.