போட்டோ போதாது, காகிதம் வேண்டும்

(தாராவியில் நடந்த நம் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் ரயில்வே குமாஸ்தா. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். சினிமாக் கதை பேச நான் வரவில்லை. சினிமாக் கூலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் தெருப் பையன் ஒருவன், கோரேகாவ் பக்கம் ஒரு டி.வி. தொடரில் லைட்மேனாக 22 ஷிப்ட் வேலை பார்த்தான். ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். பேக்கப் சொல்ல இன்னும் இரண்டு மணி நேரம். கடைசி லோக்கல் போய்விடும். பிளாட்பாரத்தில் படுத்து எழுந்து மறுபடி செட்டுக்கு ஓடுவான். கூலி கேட்டால், "90 நாள் ஆகட்டும்" என்றார்கள். அதுவும் ஆயிற்று. இப்போது, "உன்னை அழைத்து வந்த சப்ளையரைக் கேள்" என்கிறார்கள். சப்ளையர் போனை எடுப்பதில்லை.

"உன் கையில் என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டேன். "செட்டில் எடுத்த போட்டோ இருக்கு அண்ணே" என்றான்.

தோழர்களே, ரயில்வேயில் எங்களுக்கு டூட்டி ரோஸ்டர் உண்டு. எழுத்தில் இருப்பதால்தான் அதை வைத்து எங்களால் சண்டை போட முடிகிறது. சினிமாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1981லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அது கதைப்படங்களுக்கு மட்டும். 2020ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21ல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, டி.வி. தொடர், விளம்பரப் படம், இணையத் தொடர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. சப்ளையர் மூலம் ஆள் எடுத்தாலும் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் சட்டம் தானாக நடந்து செட்டுக்கு வராது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த வேலைக்குள் நுழைய எத்தனை வழி? படிப்பு ஒரு வழி: 1960ல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரி, 1995ல் வந்த கொல்கத்தா கல்லூரி. நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் கொஞ்சம். இன்னொரு வழி சப்ளையர். அதில் போனவன் கதையைத்தான் சொன்னேன். மூன்றாவது, அந்தந்தத் தொழிலின் சங்கத்தில் கார்டு வாங்குவது.

அந்தச் சங்கங்களும் எல்லோருக்கும் கதவு திறந்து வைக்கவில்லை. மும்பை ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கார்டு தர மறுத்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருந்தது. சாரு குரானா என்ற பெண் கலைஞரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விதிகளையும் செல்லாது என்றது. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கும் அது தீர்ப்புத்தானே?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை அனுப்புமுன் மூன்று கேளுங்கள்: தயாரிப்பாளர் யார்? ஷிப்ட் எத்தனை மணி நேரம்? கூலி எவ்வளவு, எந்தத் தேதியில்? பதிலைக் காகிதத்தில் வாங்குங்கள். தராவிட்டால் தினமும் வந்த நேரம், போன நேரம், கூட வேலை செய்தவர் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதட்டும்.

வரும் திங்கட்கிழமை அந்தப் பையனோடு தொழிலாளர் அலுவலகம் போகிறோம். அதே செட்டில் கூலி பாக்கியுள்ள இன்னும் மூன்று பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். பெயர் கொடுத்தால் அடுத்த வேலை கிடைக்காது என்று பயம். ஒருவன் பெயர் கொடுத்தால் அவனை ஒதுக்குவார்கள். நால்வரும் கொடுத்தால், லைட்டை யார் தூக்குவது? கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.