மாடியில் ஓடுவது பாஸமா, மரநாயா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவில் மொட்டைமாடியில் தடதடவென்று ஓடுவது என்ன என்று பலர் கேட்கிறார்கள். வீடியோ பார்க்கும் பிள்ளைகள், "அது பாஸம்தானே?" என்கிறார்கள். இல்லை. பாஸமும் ஓபாஸமும் இந்தியாவில் இயற்கையாக வாழ்வதில்லை. நம் பக்கம் இரவில் மரம் வழியாக மாடிக்கு வருவது பெரும்பாலும் மரநாய். பனங்கள்ளில் அதற்கு ஆசை உண்டு. அதனால் ஆங்கிலத்தில் அதற்கு 'டாடி கேட்' என்றும் ஒரு பெயர்.

ஓபாஸம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. பாஸம் ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து விலங்கு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் இரண்டும் கங்காருவைப் போலப் பைம்மாக்கள். வட அமெரிக்க ஓபாஸத்தின் குட்டி பிறக்கும்போது தேனீ அளவுதான். அது தானே ஊர்ந்து தாயின் வயிற்றுப் பைக்குள் போய், அங்கே பால் குடித்து வளரும்.

இவை ஏன் இங்கு இல்லை? பைம்மாக்கள் தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் பரவின. அன்று அந்த நிலங்கள் ஒட்டியிருந்தன. இந்திய நிலம் அதற்கு வெகு முன்பே பிரிந்து வடக்கே நகர்ந்துவிட்டது. இங்கே பழம் தின்று, விதையை எச்சத்தில் தூவி, மரம் பரப்பும் இரவு வேலையை மரநாய் பார்க்கிறது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2022-இல் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து கடத்தி வந்த கஸ்கஸ் ஒன்றைச் சுங்கத்துறையினர் பிடித்தார்கள். அது பாஸம் இனம். சுகர் கிளைடர் என்ற பறக்கும் பாஸமும் செல்லப்பிராணியாக விற்கப்படுகிறது. கூட்டமாக வாழும், இரவெல்லாம் மரம்விட்டு மரம் தாவும் பிராணி அது. தனியாகக் கூண்டில் அடைத்தால் ஏங்கிப்போகும். சரியான உணவு இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து குறைந்து பின்னங்கால்கள் செயலிழக்கும். பிள்ளைகள் கேட்டாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இடம் மாறிய விலங்கு என்ன செய்யும் என்பதற்கு நியூசிலாந்து சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் ரோமத்தோல் வியாபாரத்துக்காக ஆஸ்திரேலியப் பாஸத்தை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். இன்று அது காட்டு மரங்களை மொட்டையடிக்கிறது, பறவை முட்டைகளைத் தின்கிறது, மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புகிறது. அங்கே அதைக் கொல்ல அரசே செலவழிக்கிறது. அதே விலங்கு சொந்த ஊரான ஆஸ்திரேலியாவில் சட்டப் பாதுகாப்புடன் வாழ்கிறது. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கூரையில் பாஸம் புகுந்தால், உரிமம் பெற்றுத்தான் பிடிக்கலாம். பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள் திரும்ப விட்டுவிட வேண்டும். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் பிழைப்பது கடினம்.

நம் மரநாய்க்கும் இது பொருந்தும். ஆள் வைத்துப் பிடித்து எங்கோ விடுவதும், விஷம் வைப்பதும் தீர்வல்ல. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 அதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஓர் இடம் காலியானால் அடுத்த மரநாய் வரும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள். நாய், பூனைக்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விடாதீர்கள். மாடியைத் தொடும் கிளைகளை மட்டும் வெட்டச் சொல்லுங்கள், மரத்தையே அல்ல. பரணிலோ தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ சந்து இருந்தால் கம்பிவலை அடியுங்கள். அதற்கு முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். குட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் தாய் போகாது, சத்தமும் நிற்காது. இருந்தால் சில வாரங்கள் பொறுங்கள். அடிபட்ட விலங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.