ஹீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி: குளிர்றது ரூமுக்கா, ஆளுக்கா?

இன்னைக்கு எபிசோட், போன டிசம்பர்ல நான் பண்ண ஒரு தப்பான பர்ச்சேஸைப் பத்தினது.

நான் வேலை பார்க்கறது பெங்களூர்ல. சொந்த வீடு நெல்லியாளம். நீலகிரின்னு சொன்னதும் எல்லாரும் "ஓ, ஊட்டியா?"ன்னு கேப்பாங்க. இல்லைங்க. ஊட்டியில இருந்து கூடலூர் இறங்கி, பந்தலூர் பக்கம் திரும்பணும். ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம். நாங்க ஏறக்குறைய அதுல பாதி. உறைபனி எங்களுக்குக் கிடையாது. எங்களோடது ஈரக்குளிர். பக்கத்துல இருக்கற தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு. ஜூன்ல மழை பிடிச்சா துணி காயாது, சுவர் காயாது, போர்வையே ஜில்லுன்னு இருக்கும்.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர் இது. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டேன்டீ தோட்டங்களை உருவாக்குச்சு. எங்க அப்பாயி அப்படி வந்தவங்கதான். கண்டியில பழகின விறகு அடுப்பு, இங்கேயும் தொடர்ந்தது. சமையல் கேஸுக்கு மாறி வருஷமாச்சு. ஆனா குளிக்கத் தண்ணி காய வைக்கறதும், சாயங்காலம் குளிர் காயறதும் இன்னும் அந்த அடுப்புலதான்.

பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, அப்பாயிக்கு வீசிங். புகை பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொண்ணு, விறகு. அதைப் பொறுக்கப் போறது அம்மா. எங்க பக்கம் விடியக்காலையில தேயிலைக்குள்ள யானை நிக்கும். ரெண்டு கட்டு விறகுக்காக யார் உயிரை யார் பணயம் வைக்கறது?

அதனால நான் ஹீரோ மாதிரி ஒரு 2,000 வாட் ரூம் ஹீட்டர் வாங்கிட்டுப் போனேன். கதவைச் சாத்தி, போட்டு விட்டு, அப்பாயி முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். அரை மணி நேரம் கழிச்சு அவங்க சொன்னாங்க: "ஏய்யா, இந்தப் பொட்டி காத்தத்தான் சூடாக்குது. என் காலு இன்னும் ஐஸாத்தான் கெடக்கு."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனா அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2,000 வாட்னா மணிக்கு 2 யூனிட். நாளைக்கு 4 மணி நேரம் ஓடினா 8 யூனிட். நம்ம ஊர்ல கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. 60 நாளைக்கு 480 யூனிட். ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் சேர்த்தா 500ஐ ஈஸியா தாண்டிடும். 500 தாண்டினா மேல போன யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கற சில யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும். இவ்வளவும் எதுக்கு? எங்க வீட்டுக்குத் தகரக் கூரை. சூடான காத்து மேல போகும், தகரத்துல பட்டு வெளியே போயிடும். நான் வீட்டைச் சூடாக்கல, நெல்லியாளத்து வானத்தைச் சூடாக்கிட்டு இருந்தேன்.

சரி, "காசு போனாலும் பரவால்ல, கரண்ட் க்ளீன்தானே?"ன்னு நானும் நினைச்சேன். நீலகிரிக்காரனுக்கு அப்படி நினைக்கறது சுலபம். பைக்காரா நீர்மின் நிலையம் 1930கள்ல இருந்து எங்க மலையில ஓடுது, குந்தா இருக்கு. ஆனா கரண்ட் அப்படி ஊர் பார்த்து வராது. 2013 கடைசியில இருந்து இந்தியா முழுக்க ஒரே கிரிட். அதுல பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். சராசரியா ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

இப்போ கேஸைப் பாருங்க. 14.2 கிலோ சிலிண்டர் முழுசா எரிஞ்சா கிட்டத்தட்ட 180 யூனிட் அளவு வெப்பம், சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வீணாப் போறதைக் கழிச்சாலும் யூனிட்டுக்கு 0.3 கிலோவைத் தாண்டாது. அதாவது இன்னைய நிலைமையில, காயில் சூடாகற சாதாரண ஹீட்டர் கேஸை விட ரெண்டு மடங்குக்கும் மேல கார்பன் விடுது. எனக்கே இது ஷாக்தான்.

இதை மாத்தக்கூடிய ஒரே கரண்ட் சாதனம் ஹீட் பம்ப். பேர்தான் புதுசு, ஐடியா நம்ம ஃப்ரிட்ஜ்தான். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கற சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுது இல்லையா? அதையே திருப்பிப் போட்டா, வெளியே இருக்கற சூட்டை வீட்டுக்குள்ளயோ தண்ணிக்குள்ளயோ தள்ளும். எங்க ஊர் மாதிரி மிதமான குளிர்ல, 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் அளவு சூடு எதிர்பார்க்கலாம். கார்பனும் மூணுல ஒரு பங்கா குறையும். ஆனா ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் விலை சாதாரண கீசரை விடப் பல மடங்கு. சோலார்? வெந்நீர் ரொம்பத் தேவைப்படற ஜூலைல சூரியனே கிடையாது.

அப்போ விறகே நல்லதான்னு கேட்டா, அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. பிரிட்டிஷ்காரங்க ஊட்டியில குடியேறினப்போ, கணப்புக்கும் அடுப்புக்கும் சோலைக்காட்டை வெட்டினாங்க. விறகு பத்தலன்னுதான் 1840கள்ல இருந்து ஆஸ்திரேலியாவோட கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டு வந்து நட்டாங்க. புல்வெளியும் சோலையுமா இருந்த மேல்மலையோட முகமே மாறிப் போச்சு. குளிர் காயற ஆசை ஒரு மலையையே மாத்தியிருக்கு.

அப்போ நாங்க என்ன பண்ணோம்? அப்பாயி சொன்ன அந்த ஒரு வரியில இருந்து திரும்ப ஆரம்பிச்சோம். குளிர்றது ரூமுக்கா, ஆளுக்கா?

முதல்ல அடுப்பை வெளியே கொண்டு போனோம். பின்பக்கச் சாய்ப்புல, புகைபோக்கி வெச்சு. இந்த வரிசை முக்கியம் மக்களே. உள்ளே நெருப்பை வெச்சுக்கிட்டு ஜன்னல் இடுக்கை அடைச்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்னுடும். மூடின ரூம்ல கரி அடுப்பு வெச்சுத் தூங்கி இறந்துபோன செய்திகள் நீலகிரியில இருந்தும் வந்திருக்கு, கொடைக்கானல்ல இருந்தும் வந்திருக்கு. காத்துப் போக வழியில்லாத பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் வெக்கறதும் அதே ஆபத்துதான்.

ரெண்டாவது, தகரத்துக்குக் கீழ இன்சுலேஷன் ஷீட்டும் சீலிங்கும் போட்டோம். கதவு இடுக்கை அடைச்சோம். மூணாவது, குளிக்க ஸ்டார் ரேட்டிங் நல்லா இருக்கற ஒரு கீசர். ஒரு பக்கெட், 20 லிட்டர் தண்ணியை 18 டிகிரியில இருந்து 42க்கு ஏத்த அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். மூணு பேருக்கு நாளைக்குச் சுமார் 2 யூனிட். சாதா காயில்தான், ஆனா இந்த அளவுக்கு அது போதும். நாலாவது, அப்பாயி படுக்கைக்கு ஒரு எலெக்ட்ரிக் போர்வை, தானா ஆஃப் ஆகற டைப். 100 வாட். ராத்திரி முழுக்க ஓடினாலும் 1 யூனிட்டுக்குள்ள.

8 யூனிட் எரிச்சும் சூடாகாத கால், இப்போ 1 யூனிட்ல சூடாகுது.

இது முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன். மழைக்காலத்துல மரம் விழுந்து லைன் அறுந்தா ரெண்டு நாள் கரண்ட் வராது. அப்போ அந்த அடுப்புதான் எங்களைக் காப்பாத்துது. அதனால அதை இடிக்கல. அம்மா தினமும் விறகுக்குப் போறதில்லை, எப்பவாவது பகல்ல நாலு பேரோட போறாங்க. அப்பாயி இன்னும் சாயங்காலம் சாய்ப்புல போய் உட்கார்றாங்க. "புகையில்லாம எப்படிய்யா பேச்சு வரும்?"னு கேக்கறாங்க. வீசிங் குறைஞ்சிருக்கு, போகல.

நீங்க ஊட்டியிலயோ குன்னூர்லயோ ஹீட்டர் வாங்கற ஐடியால இருந்தீங்கன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி மேல பாருங்க, கூரை என்னன்னு. அப்புறம் வீட்டுல ரொம்பக் குளிர்ற ஆளைக் கேளுங்க, எங்க குளிருதுன்னு. நான் அதைக் கேக்காமத்தான் பில்லைக் கட்டினேன்.

அந்த ரூம் ஹீட்டர் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ஜூலைல அம்மா அதுக்கு முன்னாடி யூனிஃபார்ம் காய வைக்கறாங்க, தங்கச்சிக்கு. அவசரத்துக்குப் பத்து நிமிஷம் மட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.